முருங்கை இலையில் என் கட்டைவிரல்

பொறாமைப்படுவதற்கு ஆள் தேடி நான் வீட்டைவிட்டு வெளியே போனதே கிடையாது. மற்றவர்கள் எதிர்வீட்டு ஸ்கூட்டரைப் பார்த்து வயிறெரிவார்கள், ஆபீசில் பிரமோஷன் வாங்கியவனைப் பார்த்துத் தூக்கம் கெடுவார்கள். எனக்கு அந்த அலைச்சலெல்லாம் வேண்டியிருக்கவில்லை. நான் பொறாமைப்பட்டது என் சொந்த மனைவியைப் பார்த்து. அதுவும் கல்யாணமான இரண்டாவது வருடமே.

எண்பதுகளின் கடைசி. முடிச்சூரில் குடியிருந்தோம். கொல்லையில் ஒரு முருங்கை மரம், அதைத் தாண்டினால் வயல். நான் கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். நாள் முழுக்க இரும்பைச் சீவிக்கொண்டிருந்தாலும், எனக்குள் ஒரு கலைஞன் படுத்திருக்கிறான் என்று திடமாக நம்பினேன். (இன்னும் படுத்துத்தான் இருக்கிறான். எழுந்திருக்கிற உத்தேசம் தெரியவில்லை.)

அப்போதுதான் கிழக்குத் தாம்பரத்தில் தோல் செதுக்கும் வகுப்பு ஒன்று ஆரம்பித்தது. ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில், ஞாயிறுதோறும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. நடத்தியவர் எஸ்தர் மிஸ். என்னைவிட நாலு வயது சின்னவர். அவருடைய அண்ணன் பம்மலில் ஒரு தோல் ஷெட்டில் வேலை பார்த்ததால், செதுக்குவதற்கென்றே மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோல் மலிவாக வந்துகொண்டிருந்தது. தோலை ஈரமாக்க வேண்டும். மேலே படம் வரைய வேண்டும். கோட்டின்மேல் கத்தியை ஓட்ட வேண்டும். பிறகு சின்னச் சின்ன அச்சுகளை வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி ஓரங்களை அமுக்கினால், நடுவில் இருக்கிற பூ, தானாக மலர்ந்த மாதிரி எழுந்து நிற்கும். கேட்டபோது எனக்கென்றே கண்டுபிடித்த கலை மாதிரி இருந்தது.

கோமதியை நான் கூட்டிக்கொண்டு போனது அவள் கற்றுக்கொள்வதற்காக அல்ல. நான் செதுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆச்சரியப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக. எஸ்தர் மிஸ்தான், "சும்மா ஏங்க உக்காந்திருக்கீங்க, நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்குங்க" என்று அவள் கையில் கத்தியைக் கொடுத்தார். என் வீழ்ச்சி அந்த நிமிடத்தில் ஆரம்பித்தது.

வகுப்பில் எட்டுப் பேர். பேங்க் கிளார்க் ஒருவர், நர்ஸ் ஒருவர், ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்த தனபால் என்று இப்படிப் பலதரப்பு. நான் நாலு வாரம் உயிரைக் கொடுத்து, பாய்ந்து ஓடும் குதிரை ஒன்றைச் செதுக்கினேன். தனபால் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா தலைவரே, ஆடா?"

"குதிரைப்பா."

"குதிரையா! வயித்த பாத்தா குட்டி போடப் போற மாதிரி கீது. நாலு நாள் லீவு குடுத்து வூட்ல படுக்க வெய்யி."

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் எஸ்தர் மிஸ் கோமதியின் தோலை எடுத்து உயர்த்திப் பிடித்தார். கைப்பை ஒன்றுக்கு மேல்மூடி. எங்கள் கொல்லை முருங்கையின் ஒரு கிளையை அப்படியே இறக்கியிருந்தாள். சுண்டுவிரல் நகமளவுகூட இல்லாத இலைகள். ஒவ்வொன்றுக்கும் நடுநரம்பு. காற்றடித்தால் நாலு உதிரும் என்று தோன்றியது.

"யம்மாடி, பறிச்சு பொரியலே பண்லாம் போல கீதே!" என்றான் தனபால். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. (மூன்று முறைதான் சோறு போட்டுக்கொண்டேன்.)

இத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்த வாரம் எஸ்தர் மிஸ் ஒரு அறிவிப்பு செய்தார். குரோம்பேட்டையில் இன்னொரு வகுப்பு தொடங்கப் போகிறார், ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது, ஆகவே கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆளுக்கொரு வேலையை முடித்துக் கொண்டுவர வேண்டும், யாருடையது சுத்தமாக இருக்கிறதோ அவர்தான் அங்கே கூட நின்று சொல்லிக்கொடுப்பார்.

திங்கட்கிழமை காலை டீ நேரத்திலேயே என் ஃபோர்மேனிடம், "சார், குரோம்பேட்டைல என்னை வாத்தியாரா கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே மாமனாருக்கு ஒரு கார்டும் போட்டுவிட்டேன்.

கோமதி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நர்சரி ஸ்கூல்ல ஆறு மாசம் வேலை பாத்தேன்ல. புள்ளைங்க மிஸ்ஸு மிஸ்ஸுன்னு சுத்திச் சுத்தி வரும். இப்ப நாள் பூரா என்னை 'கோமு, தண்ணி'ன்னு நீங்க ஒருத்தர்தான் கூப்பிடுறீங்க. மறுபடி யாராச்சும் மிஸ்ஸுன்னு கூப்பிட்டா நல்லாருக்கும்."

"பாக்கலாம், பாக்கலாம். கொஞ்சம் தண்ணி குடு" என்றேன்.

கடைசி ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை எனக்கு முதல் ஷிஃப்ட். மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கோமதி, பை தைக்க மெழுகு நூல் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மேஜைமேல் அவளுடைய முருங்கைக் கிளைத் தோல், ஈரத்துணி மூடிக் கிடந்தது. இன்னும் இரண்டு மூன்று இலைகள்தான் பாக்கி.

கையைக்கூடக் கழுவாமல் துணியை விலக்கினேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் விலக்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு கோணல், ஒரு தப்பு வெட்டு, ஏதாவது ஒன்று. நாலு விரலால் கிளை நெடுகத் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறுகூட இல்லை. அப்போது என் கட்டைவிரல் ஒரு காரியம் செய்தது. இத்தனை வருடம் நான் என் பெண்ணிடம் "தெரியாமல் பட்டுவிட்டது" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் எல்லாம் இல்லை. நுனியில் இருந்த ஒரு இலையின்மேல் வைத்து நன்றாகவே அமுக்கினேன். ஒரே ஒரு இலை கொஞ்சம் மழுங்கட்டுமே, உலகம் முழுகிவிடுமா என்று.

துணியை மூடிவிட்டு, குளித்து, தட்டில் மிச்சமிருந்த தயிர் சோற்றைச் சாப்பிட்டேன். மனசு கேட்காமல் முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் துணியைத் தூக்கினேன்.

கிளை நெடுக நாலு விரல் தடம். நுனி இலையில் ஒரு கட்டைவிரல் ரேகை. ஐந்தும் கன்னங்கரேல் என்று, பத்திர ஆபீசில் மை தொட்டு உருட்டி வைத்த மாதிரி.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவை ஓட ஆரம்பித்தபோது, ஓடாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. முதலில் ரப்பர் வைத்து அழித்தேன். ரப்பர்தான் கறுத்தது. துணி துவைக்கிற சோப்பைக் கரைத்து நுனி இலையைத் துடைத்தேன். அதுவரை சாதாரணக் கறுப்பாக இருந்த கட்டைவிரல், அமாவாசைக் கறுப்பானது. கடைசியில் கோமதியின் முகப் பவுடரை எடுத்து மேலே தட்டினேன். நாலு நிமிடம் ஜோராக இருந்தது. பிறகு ஈரத்தில் பவுடர் ஊறி, முருங்கை மரத்துக்கு வெண்குஷ்டம் வந்த மாதிரி ஆகிவிட்டது. அதைத் துடைத்து முடிக்கவும் கேட் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

கோமதி வந்தாள். துணியைத் தூக்கினாள். அப்படியே நின்றாள்.

"என்னங்க இது, கறுப்பா?"

"பூஞ்சை" என்றேன், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "நம்ம பக்கம் ஏரிக்காத்து ஜாஸ்தி பாரு. ஈரத்தோல்ல உடனே புடிச்சுக்கும். விஞ்ஞானப்படி இதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "விடு கோமு. அதான் என் குதிரை இருக்கே!"

மறுநாள் சைக்கிள் கேரியரில் தோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மிஸ்ஸிடம் காட்டியே ஆகவேண்டுமாம். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். ஓமம் கொடுத்தாள். லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தது. ஒன்றின் பின் ஒன்றாகச் சாயங்காலம் வரைக்கும் கூட்ஸ் வண்டியாகவே வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு எலெக்ட்ரிக் டிரெயின் வந்தது. அதுவும் சரியான நேரத்துக்கு.

மாடியில் எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். எஸ்தர் மிஸ் தோலை ஜன்னலோரம் கொண்டுபோய் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"பூஞ்சைன்னு யார் சொன்னா?"

"இவர்தான் மிஸ்" என்றாள் கோமதி.

"பூஞ்சை இல்லீங்க. இரும்பு. கடுக்காய்ல ஊறின தோலாச்சே. ஈரமா இருக்கிறப்ப இரும்புத்தூள் பட்ட கை வெச்சா மை மாதிரி கறுத்துடும். மொத நாளே சொன்னேனே?"

சொல்லியிருக்கலாம். முதல் நாள் நான், என் சிற்பங்களை எந்த ஊரில் கண்காட்சி வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தனபால் மெதுவாக எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "பேங்க் சார் நோட்டு எண்றவரு. சிஸ்டர் ஊசி போடுறவங்க. நான் டிக்கெட்டு கிழிக்கிறவன். இதுல இரும்பு சீவுறது யாருபா?"

ஏழு ஜோடிக் கண்கள் என்மேல் திரும்பின. நான் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"தலைவரே, கைய கொஞ்சம் வெளிய எடு."

"அப்படிப் பாத்தா பஸ் கம்பியக்கூடத்தான் எல்லாரும் புடிக்கிறோம்..." என்று நான் ஆரம்பித்தேன். தேவையே இருக்கவில்லை. கோமதி அந்த நுனி இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. போன வருடம் லேத்தில் என் கட்டைவிரல் வெட்டுப்பட்டபோது மூன்று வாரம் தினமும் கட்டு மாற்றிவிட்டவள் அவள்.

"மிஸ்" என்றாள் நிமிராமலே. "இது எனக்குத் தெரிஞ்ச வெரல்தான்."

கோமதி என் பக்கம் திரும்பினாள்.

"தெரியாம பட்டுதா, தெரிஞ்சு வெச்சீங்களா?"

பஸ் கம்பி, ஏரிக்காற்று, விஞ்ஞானம் எல்லாம் வரிசையாக நாக்கு நுனி வரை வந்தன. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் திரும்பிப் போய்விட்டன.

"தெரிஞ்சுதான்" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு. தாங்க முடியல."

பேங்க் சார் இருமினார். எஸ்தர் மிஸ்தான், ஏதோ பஞ்சர் ஒட்டுகிறவர் மாதிரி சாவகாசமாக, "ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா போயிடும். யாராச்சும் வாங்கிட்டு வரீங்களா?" என்றார்.

யாராச்சுமா! நான் மாடிப்படியை நாலு நாலாகத் தாண்டி மார்க்கெட்டுக்கு ஓடினேன். ஒன்று கேட்டார், இருபத்தைந்து வாங்கிக்கொண்டு வந்தேன். அரைமூடியைப் பிழிந்து, துணியில் தொட்டு மிஸ் ஒற்ற ஒற்ற, கறுப்பு கண்ணெதிரே கரைந்தது. அரைமூடி! முந்தின நாளே வாயைத் திறந்திருந்தால் அடுக்களையில் ஊறுகாய்க்கு வைத்திருந்ததிலேயே முடிந்திருக்கும். நாலு விரலும் போய்விட்டன. கட்டைவிரல் மட்டும் நகரவில்லை.

மிஸ் அதை முகர்ந்து பார்த்தார். "சோப்பு போட்டீங்களா? போட்டா கறை நின்னுடுமே."

"லேசா."

"பவுடர் வாசனையும் வருதே?"

"அதுவும் லேசா."

அப்போதுதான் கோமதிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு பெஞ்சில் உட்கார்ந்தே விட்டாள். "கெடுக்கறதுக்கும் இவ்ளோ கஷ்டப்படணுமாங்க?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மழுங்கிப்போன அந்த இலையை மறுபடி ஈரமாக்கிச் செதுக்கலாம் என்று மிஸ் சொன்னபோது, வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றாள். மிச்ச இலைகளை அங்கேயே உட்கார்ந்து முடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆச்சரியப்பட்டேன்.

ஒரு மணிக்கு எஸ்தர் மிஸ் என் குதிரையையும் மரியாதைக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். "வர ஞாயித்துக்கெழம ஒம்பதரைக்கு குரோம்பேட்டை வந்துடுங்க, கோமதி மிஸ்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. முக்கால்வாசி இருந்தது. மீதிக் கால்வாசியில், திங்கட்கிழமை ஃபோர்மேனிடம் என்ன சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தது.

கோமதி மிஸ் குரோம்பேட்டையில் ஒன்பது வருடம் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாள் அந்தப் பையைச் சுற்றுக்கு விடுவாள். "இரும்பு பட்டா தோல் எப்படி ஆகும்னு எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. இது எங்க வீட்டுக்காரர் வெரல்." இப்படியாகப் பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் என் முகம் தெரியாதவர்களுக்குக்கூட என் கட்டைவிரல் தெரியும்.

பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் எலுமிச்சம்பழம் கொண்டுபோவது வழக்கம். எங்கள் வீட்டுக்கு வருகிற அவளுடைய பழைய மாணவிகளும் மறக்காமல் கொண்டுவருகிறார்கள். அவளுக்குப் பூ, பழம், ஸ்வீட். எலுமிச்சம்பழம் எனக்கு. என் பெண்ணைப் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார்கூட யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தட்டில் தனியாக ஒன்று வைத்து, "மாமாவுக்கு" என்று என் பக்கம் நகர்த்தினார்கள். சபையே சிரித்தது.

சேருகிற பழத்தையெல்லாம் கோமதி ஊறுகாய் போட்டுவிடுகிறாள். சாப்பிட்டவர்கள் ஆஹா ஓஹோ என்கிறார்கள்.

(அப்படியொன்றும் இல்லை. உப்பு கொஞ்சம் தூக்கல்.)