மேஸ்திரியின் காதில் ஒரு சொட்டு

என் குண்டு ராசாவுக்கு,

நான் நலம். நீங்கள் பலகை இழைக்கும்போது எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்ததால் மேஸ்திரி என்று நீங்களே பேர் வைத்த பூனையும் நலம். உங்கள் நலத்தை எப்படிக் கேட்பது என்று தெரியாததால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் வழக்கம்போலச் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக, "பூனையப் பட்டினி போட்டுடாத" என்றீர்கள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என்னைப் பற்றி அரை வார்த்தை இல்லை. போகட்டும். நான் பட்டினி போடவில்லை, ஆனால் அவன் தின்றுகொண்டே இளைத்தான், சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தான், உங்கள் பட்டறை மரத்தூளையெல்லாம் நனைத்து வைத்தான். தூக்கிக்கொண்டு பூனை டாக்டரம்மாவிடம் ஓடினேன். நம் மகளைவிடச் சின்னவர், கை முழுக்க நகக்கீறல். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குச் சர்க்கரைம்மா, நானூத்திப் பத்து" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு, ஒட்டிக்கிச்சா?" என்றேன். "இது ஒட்டுற நோயில்லம்மா." அங்கேயே எனக்குச் சந்தேகம் விழுந்தது. உங்களிடமிருந்து அவனுக்குக் குறட்டை வந்தது, தொப்பை வந்தது, கூப்பிட்டால் திரும்பாத குணம் வந்தது, சர்க்கரை மட்டும் வழி தெரியாமல் நின்றுவிடுமா?

காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. சட்டைக்குப் பொத்தான் தைத்தே பழகிய கை, முதல் நாள் குறி தவறி மருந்து பாதி என் புடவைக்குப் போனது. இரண்டு வாரம் குத்தி மறுபடி கொண்டு போனால் முந்நூற்றுத் தொண்ணூறு. "மருந்து சரியில்லையோ?" என்று கேட்டேன். டாக்டரம்மா, "இங்க எடுக்கறத நம்பாதீங்க. என்னைப் பார்த்தாலே இவனுக்குப் பயம், பயந்தா பூனைக்குச் சர்க்கரை ஏறிடும். வீட்ல காது ஓரத்துல ஒரு சொட்டு எடுத்துப் பாருங்க" என்றார். என் தராசை நம்பாதே என்று சொல்லும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. ஏமாற்று வேலை என்றே முடிவு கட்டினேன்.

இருந்தாலும் நீங்கள் சர்க்கரை பார்த்த மெஷினைத் தேடி எடுத்தேன். நீங்கள் விரலில் குத்தும்போது நிற்பேனே, அதே மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று, "அசையாதடா, திருட்டுத்தனமா என்னத்தத் தின்ன?" என்று கேட்டபடியே எடுத்தேன். இருநூற்றுத் தொண்ணூறு. போனில் சொன்னதும், "திட்டிக்கிட்டே எடுத்தீங்களா? திட்டாம எடுங்கம்மா" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ. மறுநாள் உங்கள் லுங்கியை மடியில் விரித்து அவனைப் படுக்க வைத்து, வாயைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். வெளிச்சத்தில் அவன் காது இலை மாதிரி நரம்பு நரம்பாகத் தெரிந்தது. கடுகைவிடச் சின்னதாக ஒரு சொட்டு. மெஷின் ஐந்து எண்ணி நூற்று நாற்பது என்றது. என் வாய் போய் அவன் ரத்தத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது, பாருங்கள்.

போன வாரம் டாக்டரம்மா, "இனி ஊசி வேணாம். சில பூனைக்கு இப்படித் திரும்பிடும்" என்றார். வந்த சர்க்கரை திரும்பிப் போகும் என்று யார் கண்டது? அந்த மேசை முன்னால் கை கூப்பி நின்றுவிட்டேன். இப்படிப்பட்டவரையா சந்தேகப்பட்டேன். இனி அவர் சொல்வதெல்லாம் எனக்கு வேதம். இதோ, மேஸ்திரி உங்கள் பலகைமேல் உட்கார்ந்து, நான் பொத்தான் தைப்பதில் குற்றம் பார்க்கிறான். பேத்தி உங்கள் மூக்கோடு வளர்கிறாள். என் வணக்கமும், மேஸ்திரியின் ஓர் உரசலும் உங்களுக்கு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு, மெஷினில் இருக்கும் பழையதை அழிக்கலாம் என்று பொத்தானை அழுத்தினேன். உங்கள் எண்கள் தேதியோடு இருக்கின்றன. நான் பக்கத்தில் நின்ற நாளெல்லாம் முந்நூற்றுக்கு மேல். மகள் பிரசவத்துக்கு நான் போயிருந்த பதினோரு நாளும் நூற்று முப்பது, நூற்று நாற்பது. அந்தப் பதினோரு நாளில்தான் நான் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் டப்பாவும் காலியானது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அந்த டாக்டர் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பயந்தால் ஏறுவது பூனைக்கு மட்டும்தானே, ராசா?