பிளவு என்றால் ஈஸ்ட், அப்பா

பேரன்புள்ள அப்பாவுக்கு மகள் சாருலதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்தை அன்றாடம் நாளிதழில் பார்த்துக்கொள்கிறேன். தி.நகரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்துக்கு ஆட்டோவில் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் உங்களைப் பார்க்க உதவியாளர் சண்முகசுந்தரம் நேரம் தர வேண்டும். அவரோ மாவட்டச் செயலாளர்கள் பார்த்து முடித்த பிறகுதான் மகள் என்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் உங்கள் கட்சியைப் பிளக்கப் போகிறேன் என்று யாரோ சொன்னதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் தமிழில் அறிவியல் பேசக் கூப்பிட்டார்கள். ஈஸ்ட் செல் எப்படி இரண்டாகிறது என்பதுதான் இருபது வருடமாக என் ஆராய்ச்சி. அதற்குத் தமிழில் பிளவு என்று பெயர் வைத்தது நான் இல்லை. 'பிளவு எப்போது?' என்று தலைப்புக் கொடுத்தேன். அமைப்பாளர்கள் ஆர்வக்கோளாறில் அதற்குக் கீழே 'பேசுபவர்: தலைவரின் மகள்' என்று போட்டு மாட வீதி முழுக்கச் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். என் பேச்சுக்கு வழக்கமாக வருகிறவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் அனுப்பிவிடலாம், அன்றைக்கோ வாசலில் பட்டாசு வெடிக்கிறது, பாதிப் பேர் பிளவை ஆதரிக்க வந்தவர்கள், மீதிப் பேர் தடுக்க வந்தவர்கள், நான் ஒன்றும் புரியாமல் மேடையேறி, முதலில் நடுவில் ஒரு சுவர் எழும்பும், பிறகு இரண்டு பக்கமும் சம பலத்தோடு தனித்தனியாகிவிடும் என்று படம் போட்டு விளக்குகிறேன், ஒரே விசில், பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "சின்னம் எந்தப் பக்கம் போவும் மேடம்?" என்கிறார், மரபணுவைத்தான் அப்படிச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நகல்" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்கப்புறம் நாற்காலிகள் பறந்தன.

கீழே இறங்கினால் மகளிரணி தேவானை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நம்ம பக்கம் எத்தினி எம்.எல்.ஏ. கீறாங்க?"

"இது ஈஸ்ட், தேவானை. ரொட்டி உப்புமே, அந்த ஈஸ்ட்டுக்கு உறவு."

"அத்த வெளிய சொல்லாதீங்க. கோட் வேர்டா அப்டியே இர்க்கட்டும்."

அவ்வளவுதான் அப்பா. எனக்குப் பதவி ஆசை துளியும் இல்லை. என் பேச்சைக் கேட்க ஒரு நாளும் வராத நீங்கள், தலைப்பை மட்டும் கேட்டுக் கோபித்துக்கொண்டதுதான் வலிக்கிறது. எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஓர் அறிக்கை விடுங்கள். ஊர் வாய் அடங்கிவிடும், நானும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவேன்.

மாத்திரையை வேளாவேளைக்குப் போடுங்கள். மாலை போட்டால் உடனே கழற்றிவிடுங்கள், கழுத்து வலிக்கும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
சாருலதா

பி.கு.: உறையை ஒட்டும்போது சண்முகசுந்தரமே வந்துவிட்டார். நான் கேட்கும் முன்பே அறிக்கை எழுதிவிட்டீர்களாம், பத்திரிகைக்குப் போகும் முன் என்னிடம் காட்டச் சொன்னீர்களாம். 'என் மகள் சாருலதாவுக்கும் பிளவுக்கும் எக்காலத்திலும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை.' இருபது வருடம், அப்பா. வேறு எதையுமே நான் செய்ததில்லை. அறிக்கை வேண்டாம். பிளவு என் வேலைதான் என்று வாசலில் நிற்கும் நிருபர்களிடம் நானே சொல்லிவிட்டேன்.