துறையூர் வழியாகக் கண்டிக்கு

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் சூரியனே ரைட் டைம் சாரிடம் கேட்டுக்கொண்டுதான் உதித்தது. நான் அங்கே குடியிருந்த ஏழு வருடங்களில் அது ஒரு நாள் கூடப் பிந்தி வரவில்லை. வந்திருந்தால் விளக்கம் கேட்டு எழுதியிருப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சர்வீஸ் புத்தகத்தில் இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் ரைட் டைம்தான். ரயில்வே ஆபீஸில் கண்ட்ரோலர் வேலை. எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் இருக்கிறது என்று போனில் கேட்டுக் கேட்டு, கதவு அகலத்துக்கு விரித்த கட்டம் போட்ட தாளில் கோடு இழுக்கும் வேலை அது. தாளின் குறுக்கே மணி, நெடுக்கே ஸ்டேஷன்கள். வண்டி ஓடினால் கோடு சாய்வாக ஏறும். நின்றால் கோடு படுத்துவிடும்; ஆபீஸில் அதற்கு டிட்டென்ஷன் என்று பெயர். படுத்த கோட்டின் மேல் சிவப்பு மையில் காரணம் எழுதியாக வேண்டும். அதே ஆபீஸில் கிளார்க்காகவும் அடுத்த வீட்டுக்காரனாகவும் இருந்ததால் எனக்கு இந்தப் பாடம் இரண்டு இடத்திலும் கிடைத்தது.

ஏனென்றால் அவர் இந்தப் பழக்கத்தை ஆபீஸோடு விட்டுவிட்டு வருகிறவர் இல்லை. மாதா கோயிலில் பூசை நாலு நிமிடம் பிந்தினால் சாமியாரை வாசலிலேயே மடக்குவார். அவர் கல்யாணத்தன்று பெண் வீட்டு வண்டி பதினெட்டு நிமிடம் தாமதம். மாமனாரிடம் காரணம் கேட்டு, அவர் "மாடு மிரண்டுடுச்சு மாப்பிள்ளை" என்று சொன்ன பிறகுதான் தாலியைக் கையில் எடுத்தாராம். சொன்னவர் அவருடைய மைத்துனர் ஆரோக்கியம் என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கண்டியிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் ரைட் டைம் சாரின் மனைவி ஸ்டெல்லா அக்காவின் மூத்த சகோதரி லூர்து. கல்யாணமாகி, திருச்சி ஜங்ஷனில் ரயிலேறி, பிறகு கப்பலேறிப் போனவர். அப்போது ஸ்டெல்லா அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் இரண்டு பேரும் சந்திக்கவே இல்லை. இப்போது திருச்சியிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறது, கொழும்பில் டிரைவர் இல்லாமல் காரை மட்டும் நாலு நாளைக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள், குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று லூர்து எழுதியிருந்தார். வீட்டு கேட்டில் நீலக் குடையோடு நிற்பாராம்.

ரைட் டைம் சாருக்குச் சைக்கிளே சரியாக வராது. ஆனால் ஆரோக்கியம் துறையூரிலிருந்து வெங்காய லோடு அடிக்கும் லாரி டிரைவர். அவருக்கு வெளிநாட்டில் ஓட்டும் லைசென்ஸும் வாங்கியாயிற்று. ஸ்டியரிங் ஆரோக்கியத்துடையது, கோடு ரைட் டைம் சாருடையது என்று முடிவாயிற்று.

ஒரு மாதம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை கிடையாது. மேஜை முழுக்க இலங்கை. ஆபீஸ் தாளைப் போலவே தாமே கட்டம் போட்டு ஒரு தாள் செய்திருந்தார். நாலு நாள், பதினோரு இடம். பேராதனைப் பூங்கா, நுவரெலியா, சிகிரியா என்று கோடு ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. பெட்ரோலுக்கு எட்டு நிமிடம், டயர் மாற்ற இருபது நிமிடம், மகள் ஜூலிக்கு வாந்தி வந்தால் நாலு நிமிடம்.

"நான் வாந்தி எடுக்க மாட்டேன்பா" என்றாள் ஜூலி. காலேஜில் சேர்ந்திருந்த பெண், மானப் பிரச்சினை.

"எடுக்கலைன்னா அந்த நாலு நிமிஷத்தை சிகிரியாவுல சேர்த்துக்கலாம்" என்றார் அவர்.

கண்டியில் ஒரு சின்னக் கோடு படுத்திருந்தது. அதன் மேல் சிவப்பு மையில்: சந்திப்பு 3, அழுகை 10, தேநீர் 7, போட்டோ 5. ஆக மொத்தம் இருபத்தைந்து நிமிடம். இருபத்தாறு வருடம் பார்க்காத அக்காவுக்கு வருடத்துக்கு ஒரு நிமிடம் கூடத் தேறவில்லை. ஸ்டெல்லா அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தார். நேரே மாவாட்டப் போய்விட்டார். அன்று உளுந்து வழக்கத்தைவிட நிறைய ஆட்டப்பட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், கண்டிக்குக் கொஞ்சம் கூடக் குடுக்கலாமே" என்றேன்.

"குடுத்திருக்கேன் தம்பி. முதல்ல பதினஞ்சுதான் போட்டிருந்தேன். அவளுக்காகப் பத்து சேர்த்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கல்யாணமானதுலேர்ந்து அவளைத் துறையூர் தாண்டி எங்கயும் கூட்டிட்டுப் போனதில்லை. இந்த ஒரு தடவையில எல்லாத்தையும் காட்டிடணும். பதினோரு இடமும் அவளுக்குத்தான்."

இப்படிச் சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

விமானத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒத்திகை என்றார். புது லைனில் வண்டி விடும் முன்பு ஓட்டிப் பார்ப்பது வழக்கமாம். ஆரோக்கியம் நண்பரின் அம்பாசிடரை இரவல் வாங்கி வந்தார். பொன்மலை கொழும்பு, துறையூர் கண்டி. மீசை வைத்த நான் லூர்து.

"பஸ்ல முன்னாடியே போயிடுங்க. பஸ் ஸ்டாண்ட் வாசல்ல நீலக் குடையோட நில்லுங்க. ஒன்பது இருபதுக்கு வந்துடுவோம்" என்றார். அவர்கள் புறப்படும் நேரம் காலை ஆறு. துறையூருக்கு எதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றேன். கொழும்பிலிருந்து கண்டி எழுபத்திரண்டு மைல், துறையூர் முப்பது மைல்தான், குறையும் நாற்பத்திரண்டு மைலை ஸ்ரீரங்கத்தில் சுற்றிச் சரிக்கட்டப் போவதாகச் சொன்னார்.

சரிக்கட்டினார். அம்பாசிடர் திருவானைக்காவலில் திரும்பி, ஸ்ரீரங்கம் வீதிகளைச் சுற்றி, மறுபடி திருவானைக்காவல் வந்து, மறுபடி ஸ்ரீரங்கம் போனது. நாலாவது சுற்றில் மூலையில் பூக்கட்டும் அம்மாள் காரை நிறுத்தி, "கோயில் அந்தப் பக்கங்க" என்று கை காட்டினாராம். ஆறாவது சுற்றில், "பாவம், பொம்பளைங்க மயங்கிடப் போறாங்க. கொஞ்சம் இறக்கி விடுங்க" என்று இரண்டு முழம் மல்லிகையை ஜன்னல் வழியாகப் போட்டாராம். எட்டாவது சுற்றில் ஜூலி வாந்தி எடுத்தாள். மூன்றரை நிமிடம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மண்ணச்சநல்லூரில் வேறு வம்பு. ஊருக்கு வெளியே காரை ஓரங்கட்டச் சொல்லி, எதிரே ஒரு பஸ் வந்து கடக்கும் வரை காத்திருக்க வைத்தார்.

"எதுக்கு மச்சான் நிக்கிறோம்?" என்றார் ஆரோக்கியம்.

"கிராஸிங். எதிர் வண்டி வந்தப்புறம்தான் நாம போகணும்."

"இது ரோடு மச்சான். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போகலாம்."

ரைட் டைம் சார் ரோட்டை இடமும் வலமும் பார்த்தார். முப்பது வருடமாக ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தவர். "இருந்தாலும் பழகிக்கிறது நல்லது" என்றார்.

இங்கே துறையூரில், மேகம் இல்லாத வானத்தின் கீழே, நீலக் குடையோடு நான் ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். வாழைப்பழக் கடைக்காரர், "யாருங்க வராங்க?" என்றார். "தங்கச்சி" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒன்பது இருபதுக்கு அம்பாசிடர் வந்து நின்றது. ஸ்டெல்லா அக்கா மல்லிகைப் பூவோடு இறங்கினார். என்னையும் குடையையும் பார்த்துச் சிரித்தார். "சந்திப்பு" என்றார் ரைட் டைம் சார், கடிகாரத்தைப் பார்த்தபடி. அவர் சொன்னதற்காக அக்கா இரண்டடி என் பக்கம் வந்தார். குடையைப் பிடித்தார். அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் குடையை அவர் தலைக்கு மேல் சாய்த்துப் பிடித்தேன். நல்லவேளை, "உக்காருங்கம்மா" என்று வாழைப்பழக் கடைக்காரர் ஸ்டூல் கொண்டு வந்து போட்டார்.

"அன்னிக்கு ஜங்ஷன்ல அக்கா ஜன்னல்லேர்ந்து ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தா தம்பி" என்றார் ஸ்டெல்லா அக்கா. "பாதி சொல்றப்பவே ரயிலு கிளம்பிடுச்சு. ஒரு நிமிஷம் கூட நிக்கல. சரியான நேரத்துக்குக் கிளம்பிடுச்சு. மீதி என்னன்னு கேக்கணும்னு இருபத்தாறு வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன். கடுதாசில கேக்கத் தோணல. நேர்ல கேக்கணும்."

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. ரைட் டைம் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வருகையில் அதை வெளியே எடுக்கவே இல்லை. மண்ணச்சநல்லூரில் கிராஸிங்கும் கிடையாது.

அவர்கள் கொழும்பு போய்விட்டுத் திரும்பிய அன்று முதலில் ஓடி வந்தவர் ஆரோக்கியம். "அந்த மீதிப் பாதி என்னன்னு தெரியுமா?" என்றார். கேட்டில் நீலக் குடையோடு நின்ற லூர்து, தங்கையைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதானாம். "அடுத்த வீட்டுல குடுத்திருந்த முறுக்கு அச்சைத் திருப்பி வாங்கி வைக்கச் சொன்னேனே, வாங்கினியாடி?" வாங்கவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்களாம்.

அப்புறம் ரைட் டைம் சார் வந்து தாளை என் முன் விரித்தார். முதல் நாள் கொழும்பிலிருந்து கிளம்பிய கோடு சாய்வாக ஏறிக் கண்டியைத் தொட்டது. அங்கேயே படுத்தது. இரண்டாம் நாள் படுத்திருந்தது. மூன்றாம் நாளும் படுத்திருந்தது. நாலாம் நாள் எழுந்து கொழும்புக்கு இறங்கியது. பேராதனை, நுவரெலியா, சிகிரியா எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. கோட்டின் மேல் சிவப்பு மையில், அவருடைய மணி மணியான கையெழுத்தில்: "பாதியில் நின்ற பேச்சு. இன்னும் முடியவில்லை."

"மூணு நாள் டிட்டென்ஷன் சார்" என்றேன்.

"காரணம் எழுதியிருக்கேன்ல" என்றார். நான் பார்த்த வரையில் அவர் கோடு படுத்ததற்காகச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்று, ஜூலி இருந்த ஊருக்கே குடிபோனார். நானும் ஆரோக்கியமும் ஜங்ஷனில் வழியனுப்பினோம். ஜன்னலில் தலையை நீட்டி என்னிடம், "தம்பி, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தார். விசில் ஊதியது. வண்டி ரைட் டைம். பாதிதான் காதில் விழுந்தது. அதன் பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை.

மீதியும் ஏதாவது முறுக்கு அச்சு விஷயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதை அவர் வாயால் கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அதற்காக அந்த வண்டி ஒரு நாள் முழுக்க நின்றிருந்தாலும் காரணத்தை நானே எழுதியிருப்பேன்.