எஞ்சினுக்குள் அழுதவர்

செத்துப்போனவர் அழுகிறாராம். அதுவும் கண் வழியாக அல்ல, மோட்டார் சைக்கிள் வழியாக. இப்படியொரு செய்தி கிடைத்தால் மக்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்களா? தெருமுனை வரை வரிசை நின்றது. ஆளுக்கொரு சீசா. முன்னால் மூட்டுவலிக்காரர்கள், பின்னால் பரீட்சை எழுதப்போகிறவர்கள், நடுவில் தன் வழக்கிலேயே மாட்டிக்கொண்ட ஒரு வக்கீல். பழைய எஞ்சினின் அடியிலிருந்து சொட்டும் கறுப்பு எண்ணெயைத் தடவினால் சகல துன்பமும் போகுமாம். துன்பம் போனதோ இல்லையோ, பலருக்குச் சட்டை போயிற்று.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். அவருக்கு மனைவி ஒன்று, மகன் ஒன்று, அந்த மோட்டார் சைக்கிள் ஒன்று. அவர் பிறப்பதற்கு முன்பே செய்த வண்டி அது. இந்த வயதில் இந்த ஓட்டை வண்டி எதற்கு, விற்றுத் தொலையுங்கள் என்று மகன் ஒருநாள் கத்திவிட்டான். அப்பாவும் விடவில்லை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பேச்சு திரும்புவதற்குள் அவர் போய்விட்டார். வெளியூரில் வங்கியில் பெரிய பதவியில் இருந்த மகன், காரியத்துக்கு வந்தவன் வீட்டிலேயே தங்கி, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிற மனிதனானான்.

துக்கம் விசாரிக்க, யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார் ஒருவர். கறுப்புச் சால்வை, கத்தரித்த தாடி, தொண்டைக்குள்ளேயே பேசும் குரல். ஆவிகளின் தூதராம். மேலுலகம் கொடுத்த நியமன உத்தரவைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கொட்டகையில் வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெயைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, உங்க அப்பா இன்னும் போகல. இதுக்குள்ளதான் இருக்காரு. உங்களை நெனச்சுத்தான் அழறாரு."

மகன் தரையிலேயே உட்கார்ந்து அழுதான்.

அன்று தொடங்கியது வியாபாரம். தூதர் கொட்டகைக் கதவைச் சாத்துவார். வெளிச்சம் ஆவிகளுக்கு ஆகாதாம். எஞ்சின்மேல் சால்வையைப் போர்த்தி, அதற்குள் இரண்டு கைகளையும் நீட்டிக் கண்ணை மூடுவார். கை எஞ்சினில் படவே படாதாம், காற்றில்தான் நிற்குமாம். கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாக விழும். "போதும், மனசைத் தேத்திக்குங்க" என்பார். நின்றுவிடும். கூட்டம் விம்மும். சீசாவுக்கு நாலு சொட்டு விழும், வாசலில் வைத்த தூதரின் உண்டியல் மட்டும் நிரம்பும்.

அம்மாவுக்கு முதல் நாளே சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் பின் சீட்டில் ஏறிப் போனபோதே அந்த எஞ்சின் அவள் புடவையில் எண்ணெய் தெளித்திருக்கிறது. அப்போது யாருக்காக அழுததோ? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மகன் கொட்டகையில் உட்கார்ந்து அப்பாவோடு பேசுகிறான். எப்படியோ பேசினால் சரி என்று விட்டுவிட்டாள்.

தூதர்தான் அவசரப்பட்டார். ஆவிக்கு விடுதலை வேண்டுமாம். அதற்கு வண்டியைத் தன் ஆசிரமத்துக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். அந்த மாதிரி வண்டிக்குப் பணக்காரர்கள் அலைகிறார்கள் என்பது ஆவிக்குத் தெரியாது, தூதருக்குத் தெரியும். மகன் சரி என்று தலையாட்டினான்.

கடைசி தரிசனம் என்று அறிவித்த அன்று காலையில், மகன் குளிக்கப் போயிருந்தபோது, அம்மா மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எஞ்சினைத் துடைத்தாள். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை அடிப்பாகமெல்லாம் தூவினாள். எண்ணெய் எங்கே கசிகிறது என்று தேட அவள் கணவர் செய்கிற வேலைதான். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை.

தூதர் வந்தார், கதவைச் சாத்தினார், போர்த்தினார், கண்ணை மூடினார். எண்ணெய் சொட்டியது. கூட்டம் விம்மியது.

அம்மா எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள்.

"கையைக் காட்டுங்க."

தூதர் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். வக்கீல்தான் பிடித்து வெளியே இழுத்தார். வழக்கில் உதவாத எண்ணெய்மேல் அவருக்கு ஏற்கெனவே கோபம். விரல் நுனியெல்லாம் வெள்ளை.

"மேலுலகத்துச் சாம்பல்" என்றார் தூதர். குரல் தொண்டையிலிருந்து மூக்குக்கு வந்துவிட்டது.

"மோந்து பாருடா" என்றாள் அம்மா மகனிடம்.

மகன் முகர்ந்தான். மேலுலகத்தில் மல்லிகை வாசனை அடித்தது. குனிந்து பார்த்தான். எஞ்சினின் அடியில், எண்ணெயை வடிக்கிற போல்ட்டில் மட்டும் பவுடர் அழிந்து, நான்கு விரல் பதிந்திருந்தது. தளர்த்தினால் அழுகை, இறுக்கினால் ஆறுதல். அவ்வளவுதான் ஆவி.

அவன் தூதரை அடிக்கவில்லை. வெளியே போகச் சொன்னான். வெளியே நின்றவர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை. சீசாக்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், தூரத்திலிருந்தே.

சாயங்காலம் அம்மாவும் மகனும் அந்தப் போல்ட்டைக் கழற்றினார்கள். தேய்ந்து நைந்த செம்பு வாஷரை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். இறுக்கிக்கொண்டே மகன் கேட்டான்:

"அப்பா கடைசி வரைக்கும் என்மேல கோவமாத்தான் இருந்தாராம்மா?"

"கோவந்தான். உன்னைத் திட்டிக்கிட்டே, ஃபோன் அடிச்சா நீதானான்னு ஓடிப்போய்ப் பாப்பாரு."

அவன் அதற்கும் அழுதான். இந்த முறை யாரும் சீசாவில் பிடிக்கவில்லை.

எண்ணெய் நின்றுவிட்டது. மக்கள் நின்றார்களா? அடுத்த தெருவில் ஒரு சுவர்க் கடிகாரம் பெருமூச்சு விடுகிறதாம். இப்போது வரிசை அங்கே. போகிறவர்களைத் தடுக்க நான் யார்? போங்கள். ஆனால் கும்பிடுவதற்காகத்தான் குனிகிறீர்கள் என்றாலும், குனிந்த வாக்கில் அடியில் யார் கை இருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.