பெரட்டு அக்கா யாரையும் கேட்பதில்லை

பேராக் மாநிலத்தில், ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஆளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொள்ளக்கூடிய மனுஷி ஒருவர்தான் உண்டு. அவருடைய வேன்தான் எனக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிறது என்பது அந்தக் காலையில் எனக்குத் தெரியாது. செமோரில் ஒரு கோழிக் கடை வேலையை விட்டு வெளியேறி, துணிப்பையைத் தோளில் மாட்டி, ஈப்போ பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சண்டையெல்லாம் இல்லை. தங்குவதற்கென்று கொடுத்த அறையில் நானும் கோழித் தீவனமும் இருந்தோம். கட்டில் தீவனத்துக்கு. ராத்திரி மழையில் கூரை ஒழுகியபோது முதலாளி ஓடிவந்து தீவனத்தைத்தான் இடம் மாற்றினார். விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

வேன் என் முழங்கையை உரசாத குறையாக வந்து நின்றது. ஜன்னலில் ஒரு தலை. தலையில் துண்டு, பூப்போட்ட கவுனுக்கு மேல் முழுக்கைச் சட்டை, கழுத்தில் விசில். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

“கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏறு தம்பி.”

“எங்கக்கா?”

“ஸ்கூலுக்கு லா. கோடு போடணும். சப்பாட், சப்பாட்! சீக்கிரம்!”

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அதற்கப்புறம் என்னை யாரும் பள்ளிக்கு வா என்று கூப்பிட்டதில்லை. அதைவிட முக்கியம், முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிடவில்லை. வேனுக்குள்ளிருந்து நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றின் வாசம் வந்தது. ஏறிவிட்டேன். ஒரு பொட்டலம் பறந்து வந்து மடியில் விழுந்தது.

அந்தத் தமிழ்ப்பள்ளி செமோருக்கு உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்தது. ஒரு காலத்தில் அங்கே ரப்பர் தோட்டம், லய வீடுகள், கோயில், சனம் எல்லாம் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனம் ஈப்போ ஓரத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தை மட்டும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதனால் தினமும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் அங்கே சேர்ப்பது அக்காவின் வேலை. அடுத்த வருஷத்து ஒன்றாம் வகுப்புக்கோ அதுவரை ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. அந்த வகுப்பு காலியானால் டவுனில் இருக்கிற பெரிய பள்ளியோடு இதைச் சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. என் வண்டி ஓடுகிற வரைக்கும் அது நடக்காது என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதுதான் பெரட்டு. தோட்டம் போனாலும் அக்கா பெரட்டை விடவில்லை. ஒவ்வொரு ப்ளாக்கின் கீழேயும் வண்டியை நிறுத்தி, மூன்று ப்ளாக்குக்குக் கேட்கிற குரலில் பேர் கூப்பிடுவார். அதனால் பேரே பெரட்டு அக்கா. அவர் சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. தலைமையாசிரியைக்கும் சட்டென்று ஞாபகம் வராது.

பதில் வராவிட்டால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவார். கொஞ்ச நேரத்தில் நான்காம் மாடியில் விசில் ஊதும்; பிறகு போர்வையோடு ஒரு பிள்ளை கீழே வரும். ஒரு தடவை போர்வைக்குள் வந்தது பிள்ளை இல்லை, அவன் அண்ணன். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கிறவன். தூக்கக் கலக்கத்தில் அவனும் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளை வரைக்கும் நான்காம் வகுப்பில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டான். எல்லாம் சரி என்று டீச்சர் முதுகில் தட்டினாராம். சொந்தப் பள்ளியில் அவன் முதுகை யாரும் அந்தக் காரணத்துக்காகத் தட்டியதில்லை.

இன்னொரு வருஷம் பொங்கல் விழாவுக்கு ஆள் போதவில்லை என்று பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களை அப்படியே ஏற்றிவந்தார். அதில் ஒரு சீனப் பெரியவர் பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தவர். பானை பொங்கும்போது எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் அவர்தான். பல்வலி என்னவாயிற்று என்று தெரியாது. ஆனால் இப்போது வருஷா வருஷம் கரும்புக் கட்டோடு அவரே பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறார்.

இதையெல்லாம் வண்டியில் ஏறிய பிள்ளைகளே ஒருவர் வாயை ஒருவர் அடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்கள்.

“ஏன்க்கா, ஒரு வார்த்த கேட்டுட்டு ஏத்தினா என்ன?” என்றேன்.

“கேட்டா என்ன சொல்லுவாங்க?”

“வாரேன்னு சொல்லலாம்.”

“எங்க சொல்றாங்க! ஒன்னாம் வகுப்புக்குப் புள்ள கேட்டு இந்த ப்ளாக் பூரா ஏறி எறங்கினேன். எல்லா வீட்டுலயும் காப்பி குடுத்து, யோசிக்கிறோம்கான்னு அனுப்பிட்டாங்க. காப்பி குடிச்சு எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். கேக்குறதுதான் தம்பி தப்பு. கதவத் தொறந்து வச்சா ஏறுவாங்க. நீ ஏறல?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாய் நிறையச் சோறு இருந்தது.

அன்று வியாழக்கிழமை, பள்ளியில் விளையாட்டுப் போட்டி. பிள்ளைகள் சீருடைக்குப் பதிலாக, அணிக்கு ஒரு நிறம் என்று இல்லச் சட்டையில் இருந்தார்கள். சிவப்பு இல்லம், மஞ்சள் இல்லம், அவ்வளவுதான். நான்கு இல்லம் வைத்தால் கயிறு இழுக்க ஒரு பக்கத்துக்கு ஆள் இருக்காது. கடைசி ப்ளாக்கின் படிக்கட்டில் மஞ்சள் சட்டையில் ஒரு சின்னப் பெண் பன் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மஞ்சள் இல்லம்! இன்னும் என்ன ஒக்காந்து திங்கிற? ஏறு!”

அக்காவின் ஒரு கை பன்னைப் பிடித்தது, ஒரு கை பெண்ணைப் பிடித்தது. அடுத்த நிமிஷம் இரண்டும் என் பக்கத்து இருக்கையில் இருந்தன.

“அண்ணே, இன்னிக்கு வேற பஸ்ஸா?” என்றாள் அவள்.

“எனக்கும் வேற பஸ்தான்” என்றேன். வண்டியில் யாரையும் தெரியாத ஆள் நான். அவள் சமாதானமாகிப் பன்னைத் தொடர்ந்தாள்.

அக்கா கடைசிப் பெரட்டு எடுத்தார். கூப்பிட்ட பேருக்கெல்லாம் “இருக்கேன்” வந்தது. முடிவில் “கோடு!” என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். “ஒன்னத்தான் லா!” நானும் “இருக்கேன்” என்றேன். ஒருவரும் குறையவில்லை என்று அக்கா திருப்தியாகக் கியரைப் போட்டார். நான் காலையில் விட்டு வந்த கோழிக் கடையைத் தாண்டித்தான் வண்டி போனது. தலையைக் குனிந்துகொண்டேன்.

பள்ளியில் தலைமையாசிரியை என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. “இன்னிக்கு இவரா?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுண்ணாம்பு வாளியைக் கையில் கொடுத்தார். திடலில் ஓட்டக் கோடு போட்டேன். பாம்பு போன தடம் மாதிரி வந்தது. “பரவால்ல, புள்ளைங்களும் நேரா ஓடாதுங்க” என்றார் அக்கா.

பெற்றோர் உட்கார நாற்காலி எடுக்க ஒன்றாம் வகுப்புக்குப் போனேன். சுவரில் காகித வண்ணத்துப்பூச்சிகள் ஒட்டியிருந்தன. பலகையைப் பார்த்து இரண்டே மேசைகள். ஒருவன் வகுப்புத் தலைவன், இன்னொருத்தி துணைத்தலைவி. ஆளப்படுவதற்கு ஆள் இல்லை. “இவங்க ரெண்டாம் வகுப்புக்குப் போயிட்டா இந்த ரூமப் பூட்ட வேண்டியதுதான்” என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

சின்னப் பிள்ளைகளின் ஓட்டம் வந்தது. ஓடிப்போய்ச் சப்பாத்தை மாட்டி, புத்தகப் பையைத் தோளில் போட்டு, கடைசியில் இருக்கிற நாற்காலியில் உட்கார வேண்டும். டீச்சர் விசில் ஊதினார். பிள்ளைகள் ஓடாமல் அப்பா அம்மாவுக்குக் கையசைத்தார்கள். அக்கா பொறுக்கவில்லை. எல்லைக் கோட்டில் போய் நின்று, “வண்டி போவுது! வண்டி போவுது!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். அந்தப் பள்ளியில் அதைக் கேட்டுவிட்டு நிற்கிற பிள்ளை கிடையாது. எல்லாம் பறந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மஞ்சள் சட்டைப் பெண் பறந்தாள். சப்பாத்து இடம் வலம் மாறியிருந்தது. நாற்காலியில் ஏறி, பையை மடியில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“முதல் பரிசு, மஞ்சள் இல்லம்! பேரு என்னம்மா?” என்று டீச்சர் ஒலிபெருக்கியில் கேட்டார்.

“கவிஷா.”

டீச்சர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். அந்தப் பள்ளியில் கவிஷா என்று யாரும் இல்லை. தலைமையாசிரியை மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா அங்கேயே இன்னொரு பெரட்டு எடுத்தார். மறுபடியும் எல்லோரும் இருந்தார்கள். அதுதான் கோளாறு. இல்லாத ஆளைக் கண்டுபிடிக்கத்தான் பெரட்டு. கூடுதலாக வந்த ஆளைக் கண்டுபிடிக்க அதில் வழி இல்லை.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் ஒன்று திடலுக்குள்ளேயே வந்து நின்றது. கைப்பிடியில் சாப்பாட்டுப் பொட்டலம் ஆடியது.

“யாரு என் புள்ளயத் தூக்கிட்டு வந்தது?”

அத்தனை கையும் ஒரே நேரத்தில் அக்காவைக் காட்டின. அந்தப் பள்ளியில் அவ்வளவு ஒற்றுமையை நான் பிறகு பார்த்ததில்லை.

வந்தவர் பேர் குணா, கவிஷாவின் அப்பா. “சீனப் பாலர் பள்ளி வேனுக்குக் காத்திருந்தோம்கா. மஞ்சச் சட்ட அவங்க சட்ட! கடையில சாப்பாடு தப்பாவ் பண்ணி, பொட்டலம் கட்டி வாங்கிட்டு வரதுக்குள்ள புள்ளயக் காணோம். உயிரே போச்சு. கடைக்காரம்மாதான் சொன்னாங்க, இப்பதான் பெரட்டு அக்கா வண்டி போச்சுன்னு.”

“ஏன் தம்பி, சின்னப் புள்ளயத் தனியா வுட்டுட்டுப் போறியே, எவனாச்சும் தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவ?”

“நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க!”

“அதான் சொல்றேன். நல்ல வேள, நான் தூக்கினேன்.”

எல்லோரும் சிரித்தோம். குணா சிரிக்கவில்லை. “நான் போலீசுக்குப் போனா உங்க வண்டி இன்னியோட நிக்கும், தெரியும்ல?” என்றார். சிரிப்பு நின்றது. வண்டி நின்றால் அடுக்குமாடியிலிருந்து ஒரு பிள்ளையும் வராது. பள்ளியை மூட அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்காவின் வாயிலிருந்து விசில் நழுவி நெஞ்சில் தொங்கியது.

“அப்பா, நான்தான் ஃபர்ஸ்ட்டு” என்றாள் கவிஷா, நாற்காலியை விட்டு இறங்காமல்.

“நீ ஓடினியா?” குணா திகைத்துவிட்டார். பாலர் பள்ளிப் போட்டியில் அவள் கம்பத்தைக் கட்டிப்பிடித்து அழுதவளாம். “ஏன்மா ஓடின?”

“வண்டி போவுதுன்னு சொன்னாங்க.”

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். உதடு கொஞ்சம் நெளிந்தது. தலைமையாசிரியை அந்த இடைவெளியில் பக்குவமாகக் கேட்டார்: “அடுத்த வருஷம் எங்க போடப் போறீங்க?”

“சீனப் பள்ளியா, வேறயான்னு இன்னும் முடிவு பண்ணல டீச்சர். அவ அம்மாவக் கேக்கணும்.”

“அம்மா எங்க இருக்கு? நான் போய் ஏத்திட்டு வாரேன்” என்று அக்கா கிளம்பிவிட்டார்.

“அக்கா!” என்று கத்தினார் தலைமையாசிரியை.

“இதான் உங்ககிட்ட உள்ள தப்பு” என்றார் குணா. “ஊரையே ஏத்துறீங்க. ஒரு வார்த்த கேக்க வாய் வராதா? இப்பக் கேளுங்க. என்னையக் கேளுங்க.”

மூன்று ப்ளாக்குக்குக் கேட்கிற குரல் அது. அன்று பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்கா தலைத்துண்டை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

“தம்பி... புள்ளய... நம்ம ஸ்கூலுக்கு அனுப்புவியா?”

குணா கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் பேசினார். அக்கா கவிஷாவின் நாற்காலி முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செம்பனை மரங்களைப் பார்த்தபடி நின்றார். பிறகு குணா திரும்பி வந்தார்.

“சரிக்கா, அனுப்புறோம். ஆனா வாசல்ல வந்து பேரச் சொல்லிக் கூப்பிடணும். தூக்கக் கூடாது.”

அக்கா வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, குணா மஞ்சள் இல்லத்துப் பெற்றோரோடு கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்.

போட்டி முடிந்ததும் தலைமையாசிரியை உத்தரவு போட்டார். இனிமேல் வேன் கதவில் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஏறுகிறவரை யார், எங்கே என்று விசாரித்த பிறகே ஏற்ற வேண்டும். “அதுக்கு நான் ஆளுக்கு எங்க போவேன்?” என்றார் அக்கா. பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்றிரவு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் படுத்தேன். விடியும் முன் வாசலில் ஹார்ன் அடித்தது. எழுந்துபோய்க் கதவோரத்து இருக்கையில் உட்கார்ந்தேன். ஏறிய ஒவ்வொரு பிள்ளையிடமும் பேரைக் கேட்டேன், பள்ளியைக் கேட்டேன், வருகிறாயா என்றும் கேட்டேன். அதுதான் வேலை. அன்று வண்டியில் இருந்தவர்களில் யாரும் கேட்காமல் ஏறிய ஆள் நான் ஒருவன்தான். அக்கா ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பேன்.