சுரைக்காயில் ஏறிய ஜின்

கல்முனைப் பக்கம் ஒரு மாதமாக ஜின்களுக்கு ஓய்வில்லை. எங்கிருந்தோ வந்து சேர்ந்த அபூசாலி ஹஸ்றத் அவற்றை விரட்டு விரட்டென்று விரட்டிக்கொண்டிருந்தார். சாதாரண ஜின் இல்லை, டாட்டூ ஜின். உடம்பில் பச்சை குத்தினால் அந்த மைக்குள் ஒரு ஜின் குடியேறிவிடுமாம். ஹஸ்றத் ஓதிய எண்ணெயைப் பூசித் துடைத்தால் ஜின்னும் ஓடிவிடும், பச்சையும் அழிந்துவிடும். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று இமாம் வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்திலேயே சொன்னார். அடுத்த வியாழன் ஹஸ்றத் வீட்டு வாசலில் ஓட்டோ நிறுத்த இடமில்லை.

கண்ணெதிரே அழிந்ததே, என்ன செய்வது? ஒரு வியாழன் ஒருவனின் தோளில் இருந்த கருந்தேள் மூன்றே தடவலில் காணாமல் போனது. அடுத்த வியாழன் இன்னொருவனின் கழுத்துத் தேள். வாய் பிளந்து நின்றவர்களில் நானும் ஒருவன். பச்சை குத்துவது ஹறாம் என்பதால் எங்களில் யாரும் உண்மையான டாட்டூவைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. ஹஸ்றத் கடை விரித்தது அந்த இடத்தில்தான்.

றிப்தியிடம் உண்மையானது இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன். கூட்டாளிமாரோடு பொத்துவில் பக்கம் போன இடத்தில் ரோஷம் வந்து முன்கையில் ஒரு சுறா குத்தச் சொன்னான். ஊசியைக் கண்டதும் மூடிய கண்ணை எல்லாம் முடிந்த பிறகுதான் திறந்தான். கையில் இருந்தது சூடை மீன். அதுவும் ஐசில் இரண்டு நாள் கிடந்த சூடை.

மூன்று மாதம் முழுக்கைச் சட்டையில் வெந்தான். இப்போது ஸம்றாவோடு நிக்காஹ். அதற்கு முதல் நாள் அந்தியில், மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு பெண்வீட்டார் வந்து மாப்பிள்ளைக்கு மருதோண்டி போடுவார்கள், சட்டைக் கையைச் சுருட்டித்தான் ஆகவேண்டும். சூடையைக் கண்டால் ஸம்றாவின் வாப்பா நிக்காஹ்வையே நிறுத்திவிடுவார் என்று பயந்து, ஹஸ்றத்திடம் ஓடினான்.

ஹஸ்றத் எண்ணெய் பூசித் தேய்த்தார். சூடை பளபளத்தது, அழியவில்லை.

"இது கடல் ஜின், மகன். லேசில போகாது. ஒங்கட ஈமானும் கொஞ்சம் குறைவா இரிக்கி. ஏழு வியாழன் வரணும்."

"ஹஸ்றத், அடுத்த வெள்ளி எனக்கு நிக்காஹ்."

"நிப்பாட்டுங்க. இல்லாட்டி பொண்ணையும் பிடிக்கும். பைக்கிலயா வந்த?"

"ஓம்."

"அதிலயும் ஏறியிரிக்கி. இஞ்ச விட்டிட்டுப் போங்க, ஓதி வெக்கிறன்."

ஜின்னுக்கு லைசன் இருக்கிறதா என்று கேட்கக்கூடத் தோன்றாமல் றிப்தி சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வந்தான். "நிக்காஹ்வ நிப்பாட்டச் சொல்லு ராத்தா" என்று அழுதான்.

ராத்தா சிபானா, அவனுக்கு மூத்தவள், ஊர் முழுக்கக் கலியாணப் பெண்களுக்கு மருதோண்டி போடுகிறவள். தோலும் சாயமும் அவளுக்குத் தொழில். கதையைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அழிஞ்ச தேளுக்கு வால் நுனி ஒடஞ்சிரிந்திச்சா?"

"ஓம். ரெண்டு தேளுக்கும்."

பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். தாள் நிறைய வால் உடைந்த தேள். "பெருநாளைக்குப் புள்ளையளுக்கு ஒட்டிவிடுற ஸ்டிக்கர்டா இது, மொக்கா."

"எனக்கு ஈமான் குறைவு எண்டுதானே அவர் சொன்ன" என்றான் தம்பி, தன் நம்பிக்கையில்தான் குறை என்று. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வியாழன் பகல், துணியில் பொதிந்த ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். பச்சைக் குழந்தை என்று சனம் வழிவிட்டது. ஹஸ்றத்தின் முன்னால் துணியை விலக்கினாள். உள்ளே சுரைக்காய், அதன் வயிற்றில் ஒரு கருந்தேள்.

"ஹஸ்றத், இதுக்கு ஜின் ஏறியிரிக்கி."

"என்ன புள்ள, பகிடியா?"

"ஒங்கட எண்ணெய் வேணா. இது ஓதாத எண்ணெய், காலையில மீன் பொரிச்ச மிச்சம்." போத்தலைத் திறந்து மூன்று தடவை தேய்த்தாள். தேள் போய்விட்டது.

ஒரு ஓட்டோக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப சுரைக்காய்க்கு என்னை விட ஈமான் கூடவா?"

அன்றைக்கு அழிப்பதற்கென்று தேள் ஒட்டிக்கொண்டு வரிசையில் நின்ற ஹஸ்றத்தின் ஆள் கழுத்தைப் பொத்திக்கொண்டு மதில் பாய்ந்தான். ஹஸ்றத் சுரைக்காயைப் பறிக்கக் கையை நீட்டினார். ஜுப்பாவின் கை மேலேறியது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு இதயம், நடுவில் அம்பு. சிபானா அதிலும் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். அம்பு அசையவில்லை.

"ஒங்களுக்கு எத்தின வியாழன், ஹஸ்றத்?"

ஹஸ்றத் பாய்ந்துபோய் றிப்தியின் பைக்கில் ஏறி உதைத்தார். ஒரு கிழமையாக ஜின் ஊரெல்லாம் சுற்றிப் பெற்றோலை முடித்திருந்தது. அவர் ஓடியே தப்பினார்.

அன்று மஹ்ரிபுக்குப் பிறகு றிப்தி சட்டைக் கையைத் தானே சுருட்டினான். ஸம்றாவின் வாப்பா மீன் வியாபாரி. கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆரு குத்தின இது? சூடைக்கு இப்பிடியா செட்டை?"

"மாமா, அது சுறா."

"செஞ்சது பிழை, அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்யுங்க. அதுக்கு நிக்காஹ்வ என்னத்துக்கு நிப்பாட்டுற? கைய நீட்டுங்க."

நிக்காஹ் முடிந்தது. கதையும் முடிந்ததென்று நினைத்தேன். அடுத்த வியாழன் சிபானாவின் வாசலில் இருபது பேர். ஜின்னை விரட்டிய அந்தச் சுரைக்காயில் பறக்கத்துக்கு, வீட்டில் அருள் பெருக, ஒரு துண்டு வேண்டுமாம்.

"அதக் கறி வெச்சுத் திண்டிட்டம்" என்றாள் சிபானா. "ஒங்கட தோளுக்கு மேல ஆளுக்கொண்டு இரிக்கிதானே, அத எடுத்துப் பாவிச்சுப் பாருங்க."