விரல் அங்கிளின் ஐஸ் பெட்டி

எண்பதுகளில் அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் வாழ்ந்துவிட்டு, விரல் அங்கிளின் மூக்கை உற்றுப் பார்க்காமல் தப்பித்த தமிழர் ஒருவரும் கிடையாது.

பெயர் எங்கள் பிள்ளைகள் வைத்தது. அவர் விழித்திரை நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். யார் வீட்டுக்கு வந்தாலும், காபிக்கு முன்னால், "ஒரு கண்ணை மூடிண்டு என் மூக்கையே பாருங்க. விரல் ஆடறது தெரிஞ்சதும் சொல்லுங்க" என்பார். நம் காதோரத்திலிருந்து விரலை ஆட்டியபடி முன்னால் கொண்டுவருவார். ஓரப் பார்வையைச் சோதிக்கிற வழி அது. ஒரு கிரகப்பிரவேசத்தில் சாஸ்திரிகளையே பாதி மந்திரத்தில் நிறுத்திச் சோதித்தார்.

புதன்கிழமைதோறும் கசாப்புக்கூடத்துக்குத் தானே காரோட்டிப் போய், மாட்டுக் கண்களை ஐஸ் பெட்டியில் வாங்கி வருவார். ஆய்வகத்தில், வெளிச்சம் பட்டுக் கெடாமலிருக்க மங்கிய சிவப்பு விளக்கில், விழித்திரையைப் பிரித்தெடுப்பார். முட்டைகூடத் தொடாதவர்.

"அங்கல்லாம் எப்படி சார் போறீங்க?" என்றேன்.

"சாப்பிடவா வாங்கறேன்?"

1987-இல் பொங்கல் புதன்கிழமை வந்தது. மாலை எங்கள் வீட்டு விருந்துக்குப் பெட்டியோடு நேரே வந்துவிட்டார். வெளியே பனி. காரில் விட்டால் கண்கள் உறைந்துவிடும் என்று சமையலறையில் வைத்தார். தயிர் தேடிய சரோஜா ஆன்ட்டி மூடியைத் திறந்தார். நாற்பது கண்கள் அவரைப் பார்த்தன.

அலறல் கேட்டு அங்கிள் ஓடிவந்தார். "மூடுங்கம்மா, மூடுங்க! வெளிச்சம் படறது!"

"எனக்கு நெஞ்சு அடைக்கறது, உங்களுக்கு வெளிச்சம்தான் கவலையா?"

ஓடிவந்த வேகத்தில், ஓரமாக இருந்த பாயசப் பாத்திரத்தைக் காலால் தட்டிக் கொட்டினார். எல்லோரும் சிரித்தோம். என் மனைவி மாலதி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்து நீட்டுகிற தட்டை அவர் கவனிப்பதில்லை என்பதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

"அண்ணா, இன்னிக்கு உங்களுக்கு நான் டெஸ்ட் பண்றேன்."

அவர் உற்சாகமாக ஒரு கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, "ஆரம்பிம்மா, பொங்கல் ஆறிடும்" என்றார்.

மாலதியின் விரல் அதற்குள் அவருடைய காதைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, மூக்கருகே ஆடிக்கொண்டிருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. "எங்க அண்ணாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அதனாலதான் இந்த வேலைக்கே வந்தேன்" என்றார். "கார் ஓட்டலேன்னா கண்ணு வராது. கண்ணு வரலேன்னா ரிசர்ச் நின்னுடும்."

கூடத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கார்ச் சாவியை எடுத்து ஐஸ் பெட்டியின் மேல் வைத்தார்.

அடுத்த புதனிலிருந்து நான் ஓட்டினேன். மடியில் பெட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிவப்பு சிக்னலிலும், "மூக்கைப் பாருங்க" என்பார்.

"சார், நான் ரோட்டைப் பாக்கணும்!"

"டிரைவர் கண்ணை செக் பண்ணாம எப்படி?"

அவருக்குத் தெரியும்படி நேரே போய் நின்று பேசிய பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. தெரிந்தவர் யாரைக் கண்டாலும் பக்கத்திலிருந்து கூப்பிடுவதில்லை. சுற்றிக்கொண்டு போய், அவர் மூக்குக்கு நேரே நின்றுதான் வணக்கம் சொல்கிறேன்.